இரண்டாவது கொதி

அந்தக் குடியிருப்பின் மேல்மாடியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். இரண்டும் ஒரே குடும்பம். அண்ணன் இருப்பது பெரிய வீடு, தம்பி இருப்பது சின்ன வீடு. ஆனால் பெரிய வீட்டில் நாலு பேர் சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் ஒருவர் சமையலறையில்தான் நிற்க வேண்டும். சின்ன வீடோ மூலை வீடு; அறைக்கு அறை ஜன்னல், பால்கனியில் பந்து விளையாடலாம். அண்ணன் முதலில் வந்தான், கைக்கு எட்டியதை வாங்கினான். தம்பி பிறகு வந்தான், எட்டிப் பிடித்து வாங்கினான். அண்ணன் வீடு என்றால் பெரிய வீடுதானே, அதற்கு அளவா எடுத்துப் பார்ப்பார்கள்? குடும்பத்தில் யாருக்கும் இதில் குழப்பமே வந்ததில்லை. சின்ன மருமகளுக்கு மட்டும் கோபம் வரும்.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நாலு பேர் முன்னாடி 'சின்ன வீட்டுக்குப் போறேன்'னு சொல்லாதீங்க. லிஃப்ட்ல நிக்கிறவங்க என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க."

"பாத்தா பாத்துட்டுப் போறாங்க. நீ தாலி கட்டிக்கிட்டு வந்தவதானே" என்று பெரியவள் சிரிப்பாள்.

பெரியவளுக்குக் குடியிருப்பு முழுக்க வேறொரு பெயர் உண்டு. கரண்ட் அக்கா. சும்மா வைத்த பெயரல்ல. கேட்டுக்கு அருகில் இருக்கும் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, அத்தனை வீடுகளின் மின்சாரத்தையும் கண்காணிப்பது அவளுடைய வேலை. வீட்டுக்கு வீடு ஒரு குட்டி மீட்டர் பொருத்தியிருந்தார்கள். அந்த வீட்டில் கரண்ட் ஏறுவதையும் இறங்குவதையும் அது அவளுடைய கம்ப்யூட்டருக்கு ஒரு கோடாக அனுப்பிக்கொண்டே இருக்கும். மொட்டைமாடியில் சூரியத் தகடுகள், கீழே எல்லாருக்கும் பொதுவாக ஒரு பெரிய பேட்டரி. வெயில் நன்றாக இருக்கும் நேரத்தில் "இப்போ துணி துவைச்சுக்குங்க" என்று எல்லார் போனுக்கும் செய்தி போகும். சாயங்காலம் பேட்டரி இறங்கினால் "அயர்ன் பண்றவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று போகும். ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள்கூட, சாயங்காலம் கரண்ட் போவது நின்றதும் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு திரை. அதில் வீட்டுக்கு ஒரு வட்டம். ஒரே அளவான குடும்பங்களை ஒப்பிட்டு, சிக்கனமாக இருக்கும் வீட்டுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், அள்ளி விடும் வீட்டுக்குச் சிவப்பு. அபராதம் கிடையாது, திட்டு கிடையாது. நிறம் மட்டும்தான். அந்த நிறம் படுத்திய பாடு இருக்கிறதே! பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள் என்பதற்காகவே பாத்ரூம் விளக்கை ஓடி ஓடி அணைத்தார்கள் மனிதர்கள்.

இதற்கெல்லாம் சேர்த்து கரண்ட் அக்கா ஒரு விதி வைத்திருந்தாள். யார் வீட்டுக் கோட்டையும் பார்த்துவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது. கோட்டைப் பார்த்தால் எல்லாம் தெரியும்: எப்போது எழுகிறார்கள், எப்போது தூங்கவில்லை, யார் ஊரில் இல்லை. "தெரிஞ்சதை வாயில வெச்சுக்கிட்டு மென்னு முழுங்கிடணும்" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணிடம் சொல்லியிருந்தாள். அவளும் அப்படித்தான் முழுங்கினாள். எந்த வீட்டுக் கதவையும் அவள் தட்டியதில்லை, ஒரே ஒரு வீட்டைத் தவிர.

அது அவளுடைய வீடு.

ஏனென்றால், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் கரண்ட் அக்காவின் வீடு சிவப்பு. ஒரு வாரம் இரண்டு வாரம் என்றால் விட்டுவிடலாம். திரை வைத்த நாளிலிருந்து மஞ்சளும் சிவப்புமாக இருந்து, கடைசியில் சிவப்பிலேயே குடிகொண்டுவிட்டது. எதிர் வீடு பச்சை. அதுவும் எப்படிப்பட்ட பச்சை! மாதத்தின் பச்சை வீடு என்று சங்கம் ஒரு பூந்தொட்டி கொடுக்கும். அதைச் சின்னவள் கையில் கொடுத்ததே பெரியவள்தான். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு கொடுத்தாள். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

"நான் ஒண்ணுமே பண்ணலைக்கா. எல்லாம் என் கைராசி" என்றாள் சின்னவள், தொட்டியை வாசலில் வைத்துக்கொண்டு. அவள் பொய் சொல்லவில்லை, பாவம். அவள் உண்மையிலேயே ஒன்றும் செய்திருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது அவள் பிழைப்பு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுவாள்.

பெரியவள் தன் வீட்டுக் கோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். காலையிலும் சாயங்காலமும் ஒன்றுமில்லை. மத்தியானம்தான் விஷயம். அவளும் புருஷனும் வேலைக்குப் போன பிறகு கோடு மேலே ஏறி, ஏறிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ஏசி ஓடும் வீட்டின் கோடு அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் ஒரே ஆள்தான்.

மாமனார்.

எல்லாருக்கும் அவர் மாஸ்டர். ஆயுசில் பாதியை ஒரு ஹோட்டலின் டீ அடுப்பு முன்னால் நின்று கழித்தவர். இப்போது அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று மகன் சொல்லி, ஒரு எலக்ட்ரிக் கெட்டில் வாங்கிக் கொடுத்திருந்தான். தண்ணீர் கொதித்ததும் டக்கென்று தானே அணைந்துவிடும் கெட்டில். மாஸ்டருக்கு அந்தக் கெட்டில் மேல் ஒரு குறை. "ஒரு கொதியில டீ போடுறவன் டீ மாஸ்டரா? தண்ணி ஒரு தடவை கொதிச்சு அடங்கி, மறுபடி கொதிக்கணும்" என்பார். ஆகவே அது அணைந்ததும் கொஞ்சம் காத்திருந்து, மறுபடி அழுத்துவார். மத்தியானத் தூக்கம் கலைந்ததும் இது தினமும் நடக்கும். பெரியவள் அதைப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததே இல்லை.

ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில், போனை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"மாமா, மத்தியானம் ஏசி போடுறீங்களா?"

"எனக்கு எதுக்கும்மா ஏசி? அடுப்பு முன்னாடி நின்னே வெந்தவன் நான். ஃபேன்தான் போடுறேன்."

"போட்டா போட்டேன்னு சொல்லுங்க மாமா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். கணக்கு மட்டும் சரியாத் தெரியணும்."

"போடலைம்மா."

"அப்போ இது என்ன? பாருங்க, நேத்தும் இருக்கு, முந்தாநேத்தும் இருக்கு. மீட்டர் பொய் சொல்லாது மாமா."

மாஸ்டர் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். "அப்போ நான் சொல்றேனா?"

இந்த இடத்தில் அவள் 'ஐயோ, அப்படி இல்லை மாமா' என்று சொல்லியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அவளோ அன்றைக்கெல்லாம் திரையில் சிவப்பைப் பார்த்து நொந்து வந்திருந்தாள். "தெரியலை மாமா. வீட்ல நீங்க மட்டும்தான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டாள். புருஷன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான், இரண்டு முகத்தையும் பார்த்தான், மறுபடி தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். இந்த மாதிரி நேரங்களில் ஆண்பிள்ளைகளுக்குப் பசி எங்கிருந்துதான் வருமோ.

விஷயம் வீட்டோடு நிற்கவில்லை. திரை எல்லாருக்கும் பொதுவாயிற்றே. கரண்ட் அக்கா வீடு சிவப்பு, பகலில் வீட்டில் இருப்பது மாஸ்டர். ஊருக்கு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடத் தெரியாதா? லிஃப்டில் பார்த்த காவலாளி விளையாட்டாக, "என்ன மாஸ்டர், வீட்டுக்குள்ளேயே மலைவாசமா?" என்றார். மாஸ்டரும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் ஃபேனை அணைத்தார்.

அணைத்தவர் அணைத்தவர்தான். வீம்பென்றால் அப்படி ஒரு வீம்பு. மகனும் மருமகளும் வெளியே போனதும் ஃபேன் கிடையாது, டிவி கிடையாது. டீயை மட்டும் அவரால் விட முடியவில்லை. வியர்வையில் பனியன் முதுகோடு ஒட்ட, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் மருமகள் வந்தால், 'இன்னைக்குக் கோடு இறங்கிச்சா' என்று கேட்க வாய்வரை வரும், கேட்கமாட்டார். கோடு இறங்கவில்லை. இன்னும் ஏறியது. எதிர் வீடோ கரும்பச்சையாகி, இரண்டாவது பூந்தொட்டியையும் வாங்கிவிட்டது.

மகா வெயில் அடித்த ஒரு நாள், காற்றுக்காகக் கதவைத் திறந்து நடைபாதைக்கு வந்தவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்குத் தலை சுற்றியது. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த சின்னவள்தான் பார்த்து, அலறி, தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனாள். நல்லவேளை, ஆபத்தாக ஒன்றும் இல்லை. உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்ததும் முகம் தெளிந்தது.

பெரியவள் அலறியடித்துக்கொண்டு வந்தபோது அவர் எதிர் வீட்டு சோபாவில் படுத்திருந்தார்.

"ஃபேன் கூடப் போடாம உக்காந்திருந்திருக்கார் அக்கா. கேட்டா பதில் சொல்லமாட்டேங்கறார். ஏன்க்கா?" என்றாள் சின்னவள்.

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. "வாங்க மாமா, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தாள்.

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "நான் இங்கேயே கொஞ்ச நாள் இருக்கேன்மா. உன் வீட்டுக் கணக்கு சரியாகட்டும். நான் இல்லாம இருந்தா சரியாயிடும்ல?" என்றார். பிறகு மூத்த மகனைக் கூப்பிட்டு, கெட்டிலை மட்டும் எடுத்துவரச் சொன்னார்.

எதிர் வீடுதான். நாலு எட்டு வைத்தால் கதவு. ஆனால் அந்த நாலு எட்டு தூரத்தைத் தாண்டி அவரைத் திரும்பக் கூட்டிவர முடியவில்லை பெரியவளால். காலையில் போய் நின்றால் "வாம்மா" என்பார், உடம்பு எப்படி என்று கேட்டால் "நல்லாயிருக்கேன்மா" என்பார், அதற்கு மேல் பேச்சில்லை. புருஷன் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டு ஆற்றியிருப்பாள். அவளுக்குள் ஒரு பக்கம் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லத்தானே வேண்டும், கோடு இனிமேல் இறங்கும் என்று காத்திருந்தாள். இறங்கிவிட்டால், மாமா பொய் சொன்னார் என்று ஆகும். அதை அவள் விரும்பினாளா வெறுத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

கோடு இறங்கவில்லை.

அலுவலகத்தில் உட்கார்ந்து தன் வீட்டுக் கோட்டைத் திறந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி அவள் பையில். கோடோ எப்போதும் போல ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதுமட்டுமில்லை, நேற்றைய கோட்டில், மத்தியானம் முடியும் நேரத்தில், உச்சியில் அடுத்தடுத்து இரண்டு கூர்மையான முனைகள். மாட்டுத் தலையில் இரண்டு கொம்பு மாதிரி.

அந்தக் கொம்புகளை அவளுக்குத் தெரியும். எத்தனையோ நாளாகத் தெரியும். அவை எதிர் வீட்டுக் கோட்டில்தான் இருந்தன. தினமும் அதே நேரம், ஒன்று முளைக்கும், கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று முளைக்கும். சின்னவள் என்னதான் மெஷின் வைத்திருக்கிறாளோ என்று யோசித்திருக்கிறாள். கதவைத் தட்டக்கூடாது என்ற விதியால் கேட்காமல் முழுங்கியிருக்கிறாள். இப்போது எதிர் வீட்டுக் கோட்டைத் திறந்தாள். தரை மட்டம். ஃப்ரிட்ஜ் மட்டும் அவ்வப்போது மூச்சு விடுகிறது. ஆளில்லாத வீட்டின் கோடு. ஆனால் அந்த வீட்டில்தானே இப்போது மாமா, சின்னவள் எல்லாரும் இருக்கிறார்கள்?

 போனில் கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறினாள்.

எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சமையலறையில் மாஸ்டர் கெட்டில் முன்னால் நின்றுகொண்டிருந்தார். டக்கென்று அது அணைந்தது. போனில் பெரிய வீட்டுக் கோடு சரிந்து இறங்கியது. அவள் வாசலிலேயே நின்றாள். அவர் மூடியைத் திறந்து, ஆவியை முகத்தில் வாங்கி, தண்ணீர் அடங்கும்வரை பார்த்தார். பிறகு மறுபடி அழுத்தினார். பெரிய வீட்டுக் கோடு செங்குத்தாக மேலே ஏறியது. அவள் கண்ணெதிரில், இரண்டாவது கொம்பு.

"என்னம்மா இந்த நேரத்துல?" என்றார் மாஸ்டர்.

அவள் திரும்பினாள். தன் வீட்டுக்கு ஓடி, மெயின் சுவிட்சை இறக்கினாள். போனில் பெரிய வீட்டுக் கோடு அசையவே இல்லை. சின்ன வீட்டுக் கோடு தரையில் விழுந்து செத்தது.

மீட்டர்கள் பொய் சொல்லவில்லை. பெயர்தான் மாறியிருந்தது.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள். மீட்டர் பொருத்தியபோது கதவுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், எண் பலகைகளைக் கழற்றி ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். எந்த வீடு எது என்று அவர் போனில் கேட்டார், அவளும் சொன்னாள். என்ன சொன்னாள் என்பது இப்போது அவர் வாயால் வந்தது.

"நீங்கதானேக்கா சொன்னீங்க, பெரிய வீடு உங்களது, சின்ன வீடு உங்க கொழுந்தனார்துன்னு? நான் பாத்தேன், எது பெருசா இருந்துச்சோ அதுல பெரிய வீடுன்னு ஒட்டிட்டேன். சின்னதுல சின்ன வீடுன்னு ஒட்டும்போது சிரிப்பு வேற வந்துச்சு."

"ஐயோ, மூத்தவர் வீடுங்க பெரிய வீடு!"

"அது உங்க வீட்டுக் கணக்குக்கா. எனக்கு எப்படித் தெரியும்?"

அவருக்கு எப்படித் தெரியும்? அவள்மேல்தான் தப்பு. ஊரார் வீடுகளிலெல்லாம் மெயினை இறக்கிப் பார்த்துச் சோதித்தவள், 'நம்ம வீடுதானே' என்று தன் வீட்டை மட்டும் விட்டுவிட்டாள். மொத்தக் கணக்கிலும் பிசகு தெரியவில்லை. இரண்டு வீட்டையும் கூட்டினால் எப்படியும் ஒரே தொகைதானே.

அதைவிடக் கொடுமை, நடந்த வேடிக்கை. திரை பச்சை காட்டக் காட்ட, 'நாமதான் பச்சையாச்சே' என்று சின்னவள் ஏசியை இன்னும் தாராளமாகப் போட்டிருக்கிறாள். அதனால் பெரியவள் சிவந்திருக்கிறாள். சிவக்கச் சிவக்க இந்த வீட்டில் ஒவ்வொன்றாக அணைந்திருக்கிறது. அணைய அணைய எதிர் வீடு பச்சையாகியிருக்கிறது. மாமா ஃபேன் இல்லாமல் வெந்த வேக்காட்டுக்குத்தான் சின்னவளுக்குப் பூந்தொட்டி கிடைத்திருக்கிறது. யோசிக்க யோசிக்கச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

எதிர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கவில்லை, சுற்றி வளைக்கவில்லை. சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். "அப்போ அந்தச் சிவப்பு நானாக்கா? ஐயோ, கைராசி வேற பேசினேனே!"

"மாமா, நீங்க சொன்னது நிஜம். நான்தான் தப்பாச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க. வீட்டுக்கு வாங்க."

மாஸ்டர் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரை மெதுவாக வைத்தார்.

"இப்போ எப்படிம்மா தெரிஞ்சுது நான் சொன்னது நிஜம்னு?"

"மெயினை இறக்கிப் பாத்தேன் மாமா. கோடு..."

"அதைத்தான் கேக்கறேன். அன்னைக்கு அந்தப் பெட்டி நான் போட்டேன்னு சொல்லுச்சு, நம்பினே. இன்னைக்குப் போடலைன்னு சொல்லுது, நம்புறே. ரெண்டு தடவையும் பெட்டியைத்தானே நம்புறே? என்னை எப்போம்மா நம்புனே?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள்.  இவருக்கு முன்னால் எத்தனை விளக்கம் சொன்னாலும் அது இன்னொரு கோடாகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. எழுந்து தன் வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் திரையில், வீட்டு வட்டங்களுக்குக் கீழே, ஒரு செய்தி ஓடியது: மேல்மாடி மீட்டர்களில் பெயர் மாறியிருந்தது. தவறு மீட்டருடையதும் அல்ல, மாட்டியவருடையதும் அல்ல. பெயர் சொன்ன என்னுடையது. மாஸ்டர் ஒருநாளும் ஏசி போடவில்லை. லிஃப்டுக்கு நின்றவர்கள் படித்துப் படித்துச் சிரித்தார்கள். காவலாளி மேலேயே வந்து மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். சின்னவள் இரண்டு பூந்தொட்டிகளையும் தூக்கிவந்து அக்கா வாசலில் வைத்தாள். மாஸ்டர் செய்தியைப் படித்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை, படிக்காததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. எதிர் வீட்டிலேயே இருந்தார். மறந்துபோய்க்கூட இந்தப் பக்கம் கால் வைக்கவில்லை.

பெரியவள் கூப்பிடுவதை நிறுத்தினாள். தினமும் சாயங்காலம் போய்க் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கோடு, மீட்டர் என்று ஒரு வார்த்தை பேசமாட்டாள். கெட்டிலில் ஏன் இரண்டு கொதி என்று ஒருநாள் கேட்டாள். அன்றைக்கு அவர் கொஞ்சம் நிறையவே பேசினார்.

அப்புறம் ஒரு மத்தியானம், அலுவலகத்தில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுடைய வீட்டுக் கோடு, இப்போது பெயர் திருத்திய, மெயினை இறக்கிச் சோதித்த, சத்தியமாக அவளுடைய வீட்டுக் கோடு, மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. ஏசி. வீட்டில் ஆள் கிடையாது. மாஸ்டரிடம் ஒரு மாற்றுச் சாவி உண்டு.

புதிதாகச் சேர்ந்த பெண் எட்டிப் பார்த்தாள். "அக்கா, உங்க வீடு சிவக்குதே. யார் இருக்காங்க வீட்ல?"

"போய்ப் பாக்கறேன்" என்றாள் பெரியவள்.

மேலே வந்தபோது அவள் வீடு பூட்டியிருந்தது. எதிர் வாசலில் மாஸ்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். கேட்காமலிருந்தால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

"மாமா, நம்ம வீட்ல ஏசி ஓடின மாதிரி காட்டுது. நீங்க வந்து போட்டீங்களா?"

"இல்லையே. நான் போடலை."

கதவைத் திறந்தாள். உள்ளே சில்லென்று இருந்தது. ஏசி அணைந்திருந்தது, ஆனால் அறையில் குளிர்ச்சி அப்படியே நின்றது. ரிமோட் கட்டில்மேல் கிடந்தது. அவளுக்குத் தெரிந்தது. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். திரும்பிப் பார்த்தாள். அவர் நாற்காலியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்கவில்லை.

"சரி மாமா" என்றாள். "அப்போ ஏசியிலதான் ஏதோ கோளாறு. தானா ஓடுது போல."

சொன்னதோடு நிற்கவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். அவர் ஏணியோடு வந்து, ஏசியின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்து, "ஒண்ணும் இல்லையேக்கா, யாராவது போட்டிருப்பாங்க" என்றார்.

"யாரும் போடலை. மாமா போடலைன்னு சொல்லிட்டார். நீங்க வயரைப் பாருங்க."

எலக்ட்ரீஷியன் சுவிட்ச் பெட்டியைத் திறந்தார். வயர் சரியாக இருந்தது. "மீட்டரைப் பாருங்க" என்றாள். மீட்டரும் சரி. "மறுபடி பாருங்க." அந்த மனிதர் இவளுக்கு என்ன ஆகிவிட்டது என்று பார்த்தார். அவள் ஸ்டூலைப் போட்டு, தானே ஏறி, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வாங்கினாள். வியர்த்து வழிந்தது. விடுவதாக இல்லை.

"இறங்கும்மா."

மாஸ்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பல நாளைக்கப்புறம் அந்தக் கதவுக்கு உள்ளே அவர் கால்.

"நான்தான் போட்டேன்."

எலக்ட்ரீஷியன் ஏணியைத் தூக்கிக்கொண்டு நழுவினார். பெரியவள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. "போடலைன்னு சொன்னீங்களே மாமா?"

"சொன்னேன். பொய்தான். வாழ்க்கையில வேற பொய் சொன்னதில்லைன்னு சொல்லமாட்டேன், டீயில பால் கம்மியா ஊத்திட்டு இல்லைன்னிருக்கேன். உங்கிட்ட சொன்னது இதுதான் முதல் பொய்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ என்ன சொல்லுவேன்னு பாத்தேன்."

அவள் அழுதுவிட்டாள். ஸ்டூல்மேல் நின்றபடியே, ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தைபோல அழுதாள்.

"அழாதே. கண்ணுல குத்திக்கப் போறே" என்றார் அவர். அறைக்குள் எட்டிப் பார்த்தார். "சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் இருக்கு அந்த ஏசி. தெரிஞ்சிருந்தா நிஜமாவே போட்டிருப்பேன்."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வெடித்தது. அவர் திரும்பி எதிர் வீட்டுக்குப் போனார், கெட்டிலோடு வந்தார், அவள் கையில் கொடுத்தார்.

"தண்ணி பிடிச்சு வை. சின்னவகிட்ட சொல்லிட்டு வரேன்."

அவள் தண்ணீர் பிடித்து, கெட்டிலைப் போட்டாள். போன் மேஜைமேல் கிடந்தது; அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் கொதித்து, டக்கென்று அணைந்தது. மறுபடி அழுத்தாமல், அவருடைய செருப்புச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.